அறிந்தால்தான் துடக்கு

என் மனைவியின் தகப்பனார் இறந்த செய்தியை இருபத்தெட்டு மணித்தியாலம் நான் அவளுக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். அந்த நேரம் நாங்கள் டென்மார்க்கிலும் இல்லை, ஊரிலும் இல்லை. அமெரிக்காவில், கொலராடோவின் வறண்ட மூலையொன்றில், பழங்குடிகள் மலைச்சுவரின் இடுக்கில் கட்டிய கல்வீடுகளைப் பார்த்துத் திரிந்துகொண்டிருந்தோம். மறைத்தது அவளுடைய நன்மைக்காகத்தான் என்று இரண்டு வருடமாக எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். ஒருநாளும் அது எடுபடவில்லை.

அந்தப் பயணப் பைத்தியம் முழுக்க என்னுடையது. டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் நகரத்தில் ஒரு பண்டகசாலையில் போர்க்லிப்ட் ஓட்டுகிறவன் நான். பெட்டியைத் தூக்குவது, தட்டில் ஏற்றுவது, இறக்குவது, இதுதான் முப்பது வருட வேலை. ஆனால் பக்கத்து ஊரான வைலேக்குப் போகிற வழியில் வயல் நடுவே புல் மூடிய மண்மேடு ஒன்றைக் கண்டால் காரை நிறுத்தாமல் என்னால் போக முடியாது. எப்போதோ வாழ்ந்த யாரையோ புதைத்து மூடிய மேடுகள் அவை. கமக்காரர்கள் இன்றைக்கும் அவற்றைச் சுற்றித்தான் உழுகிறார்கள். நான் மழையிலும் இறங்கி ஏறிப் பார்ப்பேன். மனைவி காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு இருப்பாள்.

"செத்த சனத்தைப் பாக்கிறதுக்கு என்ன அவசரமப்பா உங்களுக்கு! உயிரோட இருக்கிற சனத்தைப் பாக்கிறதுக்கு மட்டும் மார்கழி வரட்டும், தை வரட்டும் எண்டுவியள்" என்பாள்.

அவள் சொன்னது நியாயம். அந்த வருடக் கோடை விடுமுறை மூன்று கிழமைக்கும் ஊருக்குப் போவோம் என்றுதான் அவள் கேட்டாள். மாமாவுக்கு எண்பத்து மூன்று வயது. யாழ்ப்பாணத்தில் மகனோடு இருந்தார். பஸ் சாரதியாக இருந்து ஓய்வுபெற்றவர், குரல் இன்னும் பஸ் ஓட்டுகிற குரல்தான். ஆனால் நானோ கல்வீடுகளைப் பற்றித் தொலைக்காட்சியில் பார்த்துப் பார்த்துத் தலைக்கேறிப் போயிருந்தேன். "ஆடியில அங்க வெய்யில் கொளுத்தும். மார்கழியில ஆறுதலாப் போவம்" என்றேன். வெய்யிலுக்குப் பயந்து பாலைவனத்துக்குப் போன மனிதன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவள் தகப்பனிடமே கேட்டாள். தினமும் காலையில் வேலைக்குச் சைக்கிளில் போகும்போது காதில் செருகிக்கொண்டு அவரோடு கதைப்பது அவளுடைய வழக்கம். நேற்று என்ன சமைத்தாய், அங்கே குளிரா, சைக்கிளில் பார்த்துப் போ. இதற்கு மேல் அவர்கள் பெரிதாக ஒன்றும் பேசியதில்லை. ஒருநாள் விடுபட்டால் மட்டும் இரண்டு பேருக்கும் அன்றைக்கு முகம் சரியில்லை.

"போய்ப் பாத்திட்டு வா பிள்ளை. நான் எங்கையும் ஓடமாட்டன்" என்றாராம் மாமா. நானும் அதைப் பிடித்துக்கொண்டேன்.

மனைவியின் வேலையையும் சொல்ல வேண்டும். முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர். அங்கே யாராவது போய்ச்சேரும் நேரம் நெருங்கினால், பிள்ளைகள் வர முடியாதவர்களுக்குப் பக்கத்தில் இவளைத்தான் இருக்கச் சொல்வார்கள். இவள் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். முடிந்ததும் யன்னலைத் திறந்துவிடுவாள், அது இந்த நாட்டு வழக்கம். வீட்டுக்கு வந்ததும் யாரோடும் கதைக்காமல் நேரே போய்த் தலைக்குத் தோய்ந்துவிட்டுத்தான் சாமிப் படத்துக்குக் கிட்டப் போவாள். அது எங்களுடைய வழக்கம்.

எங்களுக்குத் துடக்கு என்றால் தீட்டு. நெருங்கிய உறவில் ஒருவர் இறந்தால் முப்பத்தொரு நாள் கோயில் வாசலை மிதிப்பதில்லை, சாமிப் படத்தைத் தொடுவதில்லை, மச்சம் மாமிசம் இல்லை, ஆண்கள் சவரமும் செய்வதில்லை. டென்மார்க்கில் பிறந்து வளர்ந்த எங்கள் மகளுக்கு இது புரிவதில்லை. எனக்கும் மனைவிக்கும் அது புரிந்துகொள்ளும் விடயமே இல்லை. காய்ச்சல் வந்தால் படுப்பதுபோல, துடக்கு வந்தால் காப்போம்.

நாங்கள் மூன்று பேரும் போனோம். மகள்தான் கார் ஓட்டினாள். ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள், வலது பக்கமாக எத்தனை மணித்தியாலம் என்றாலும் அலுக்காமல் ஓட்டுவாள். மலையடியில் இருந்த ஒரு சின்ன நகரத்தில் மோட்டல் எடுத்திருந்தோம். அடுத்த நாள் காலை ஏழு மணி. மகள் படுத்திருக்கிறாள், மனைவி குளிக்கிறாள், என் போன் அடித்தது. மனைவியின் தம்பி.

"அத்தான், அக்கா பக்கத்தில நிக்கிறாவோ?"

"குளிக்கிறா."

"கொஞ்சம் தள்ளிப் போங்கோ."

கார் நிறுத்துமிடத்துக்கு வெறுங்காலோடு போனேன். அவன் என்ன சொல்லப் போகிறான் என்பது அந்தப் பத்து அடிக்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அப்பா மோசம் போயிட்டார் அத்தான். பின்னேரம் தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதிரையில சாஞ்சவர். நான் கோப்பையை எடுக்கப் போறன், கை விறைச்சுப்போய்க் கிடக்கு."

அவன் அழுதான்.  பிறகு அவனே மூக்கைச் சிந்திவிட்டு ஒரு காரியக்காரனைப்போலப் பேசத் தொடங்கினான். நாளைக்குப் பகல் ஒரு மணிக்கு எடுக்கிறோம், பெட்டி இரவு வரும், ஐயருக்குச் சொல்லியாயிற்று.

"அக்காவுக்கு இப்ப சொல்லாதேங்கோ அத்தான். சொன்னாலும் வந்துசேர ஏலாது. அந்த வனாந்தரத்தில கிடந்து கத்துவா. டென்மார்க் போய்ச் சேர்ந்தாப்பிறகு சொல்லுவம்."

"துடக்கெல்லே?" என்றேன். தகப்பன் இறந்த செய்தி கேட்டு என் வாயில் வந்த முதல் கேள்வி அதுதான். இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

"ஐயரைக் கேட்டனான். அறிஞ்சாத்தான் துடக்காம். கேள்விப்படாதவரைக்கும் அவவுக்கு ஒண்டும் இல்லை. அவ நிம்மதியாப் பாத்திட்டு வரட்டும். நீங்கள் மட்டும் பாத்து நடவுங்கோ."

அந்த விளக்கம் எனக்கு நல்ல வசதியாக இருந்தது. அவளுக்குத் தெரியாது, ஆகவே அவளுக்குத் துடக்கு இல்லை. எனக்குத் தெரியும், ஆகவே எனக்கு உண்டு. துக்கத்தையும் அதே கணக்கில் பிரித்துவிடலாம் என்று நினைத்தேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். கனடாவில் இருப்பவனுக்கு வேலை முடியட்டும் பிறகு சொல்லுவோம், லண்டனில் இருப்பவளுக்குப் பிள்ளைப்பேறு முடியட்டும் பிறகு சொல்லுவோம். மறைப்பதைப் பாசம் என்று வைத்திருக்கிறோம். நானும் அப்படி வளர்ந்தவன்தான்.

அறைக்குள் திரும்பிப் போனபோது அவள் தலையில் துவாய் சுற்றியபடி, கைப்பையில் கொண்டுவந்த சின்னப் பிள்ளையார் படத்தைத் தொலைக்காட்சிப் பெட்டியில் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கோப்பா, கும்பிட்டிட்டு வெளிக்கிடுவம்."

"நீர் கும்பிடும். நான் காருக்குத் தண்ணிப் போத்தலுகளை ஏத்திறன்" என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு தகப்பனுடைய சுகத்துக்கும் சேர்த்துத்தான் கும்பிட்டிருப்பாள். தினமும் அப்படித்தான்.

அன்றைக்கு நான் பார்த்தவை, இருபது வருடம் பார்க்க ஆசைப்பட்டவை. மேசா வேர்டே என்ற அந்த உயர்ந்த மேட்டுநிலத்தில் நடந்துபோனால், திடீரென்று நிலம் அறுந்து பள்ளம் தெரியும். எதிர்ப்பக்கப் பாறையின் வயிற்றில் பெரிய குடைவு. அதற்குள் ஒரு ஊரே இருக்கிறது. சதுர வீடு, வட்ட வீடு, மாடி, குனிந்து போகிற சின்ன வாசல்கள். ஏணியில் இறங்கிப் பக்கத்தில் போனால், கல்லுக்கு நடுவே அப்பிய சாந்தில் கட்டியவர்களின் விரல் பதிந்திருக்கிறது. மேலே பாறையில் அடுப்புப் புகை பிடித்த கரி அப்படியே இருக்கிறது. மூலையில் சோளம் அரைத்த கல். நேற்றுத்தான் யாரோ அரைத்துவிட்டு எழும்பிப் போனதுபோல நடு குழிந்து கிடந்தது.

எல்லாவற்றையும் பார்த்தேன், ஒன்றும் உள்ளே போகவில்லை. ஒவ்வொரு வாசலுக்குள்ளும் கதிரையில் சாய்ந்தபடி மாமா இருந்தார்.

எங்களைக் கூட்டிக்கொண்டு போன பூங்காக் காவலர் ஒரு இளம் பெண், அந்த மக்களின் வழியில் வந்தவள். கூட்டத்தில் ஒருவர், இவர்கள் ஏன் இந்த இடத்தைக் கைவிட்டார்கள் என்று கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே, தயவுசெய்து கைவிட்டார்கள் என்று சொல்ல வேண்டாம் என்றாள். போக வேண்டி வந்தது, போனார்கள். வீடு அவர்களுடையதுதான். நாங்கள் இன்றைக்கும் வந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறோம் என்றாள்.

மகள் அதை டேனிஷில் சொல்ல, மனைவியின் முகம் மலர்ந்தது.

"கேட்டனீங்களோ? அப்பா கேட்டாரெண்டால் துள்ளுவார். யுத்தத்தில இடம்பெயர்ந்து திரும்பி வந்த நேரம், கந்தோரில குடுத்த கடுதாசியில எங்கட வீட்டைக் 'கைவிடப்பட்ட வீடு' எண்டு போட்டிருந்ததுக்கு, நான் கைவிட்டனான் எண்டு உனக்கு ஆரடா சொன்னது எண்டு கிளாக்கரோட சண்டை பிடிச்சவரெல்லே. இப்பவே எடுத்துச் சொல்லப்போறன்."

போனைக் கையில் எடுத்தாள்.  ஆனால் அந்த மேட்டில் சிக்னல் இல்லை. அவள் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். "பின்னேரம் மோட்டலில இருந்து எடும்" என்றேன். நல்லவேளை என்று நினைத்தேன். என் மனைவி தகப்பனோடு கதைக்க முடியாமல் நிற்பதைப் பார்த்து நல்லவேளை என்று நினைத்தேன்.

வாசலில் இருந்த கடையில் அந்தப் பகுதிக்காரர் நெய்த கம்பளிச் சால்வைகள் தொங்கின. இரண்டைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அப்பாவுக்கு எது எடுப்பாயிருக்கும்? மார்கழிப் பனிக்கு விடிய எழும்பி முத்தத்தில நிக்கிற மனிசன்."

ஒன்று நீலம், ஒன்று மண்ணிறம். நான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். "சொல்லுங்கோவன்" என்று இடித்தாள். நீலம் என்றேன். அவள் அதை முகத்தில் வைத்துப் பார்த்து, குத்தாது, நல்ல மெத்தென்று இருக்கிறது என்றாள். கடைக்காரி தாளில் சுற்றிக் கொடுத்தாள். நான் மலசலகூடத்துக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, வாயைக் கையால் பொத்தி அழுதேன். மாமாவுக்காக அழுதேனா, பயத்தில் அழுதேனா என்று இன்றைக்கும் தெரியாது.

மாலையில், வெயில் இன்னும் சுவரில் நிற்கும்போதே அவள் ஊருக்கு எடுத்தாள். தம்பிதான் எடுத்தான். நான் பக்கத்துக் கட்டிலில் இருந்து கேட்டேன்.

"அப்பா நித்திரை அக்கா. இரவு முழுக்க இருமல், இப்பதான் கண்ணயர்ந்தவர்."

"என்னடா அங்க இவ்வளவு சத்தம்? விடியக் காலமையில?"

"பக்கத்து வீட்டில கலியாணம் அக்கா."

"ஆருக்கு?" என்று கேட்டு அவள் சந்தோசப்பட்டாள். யாருடைய பெண் என்று அவன் வாய்க்கு வந்ததைச் சொன்னான். செத்தவீட்டுச் சத்தத்தைக் கலியாண வீட்டுச் சத்தம் என்று நம்பி, "எங்கட சார்பிலையும் ஏதும் மொய் எழுதிவிடடா" என்றாள் அவள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் எழுபது மைல் தள்ளி இன்னொரு பழைய குடியிருப்புக்குப் போனோம். வழியில் காலைச் சாப்பாட்டுக்கு நிறுத்தினபோது மகள் எனக்கும் சேர்த்து இறைச்சி வைத்த பாண் எடுத்தாள். வேண்டாம் என்று வெறும் பாணும் பழமும் எடுத்தேன். மனைவி பார்த்தாள். "முந்தநாள் இரவெல்லே கோழியை ஒரு பிடி பிடிச்சனீங்கள்" என்றாள். வயிறு சரியில்லை என்றேன். அவள் என் தாடையையும் பார்த்தாள். இரண்டு நாள் தாடி, எனக்கு நரை, நன்றாகத் தெரியும். பிள்ளையார் படத்தை அன்றைக்குக் காலையும் அவள் தனியாகத்தான் கும்பிட்டிருந்தாள். இவ்வளவும் சேர்ந்துவிட்டது என்று எனக்குத் தெரியவில்லை. மறைக்கிறவனுக்குத் தன் முதுகு தெரிவதில்லை.

அந்த இடத்தில் ஒரு கிவா இருந்தது. கிவா என்பது நிலத்தைத் தோண்டி வட்டமாகக் கட்டிய அறை. மேலே மண்கூரை, நடுவில் சதுரமாக ஒரு வாய், அதற்குள்ளால் மர ஏணி. பழுதுபார்த்து, ஆட்கள் இறங்க விட்டிருந்தார்கள். வாசலில் ஒரு பலகை. இது எங்கள் வழிபாட்டிடம், மரியாதையோடு இறங்குங்கள் என்று எழுதியிருந்தது. உள்ளே தரையில் ஒரு சிறு துவாரம் உண்டு. கீழ் உலகத்தில் இருந்து முன்னோர் மேலே வந்த வழி அது என்று அவர்கள் நம்புகிறார்கள். இதையெல்லாம் நான் மனைவிக்கும் மகளுக்கும் பல வருடமாகச் சொல்லிச் சொல்லி அலுப்படித்திருக்கிறேன். ஒரு கிவாவுக்குள் இறங்கினால் போதும், பிறகு வேறொன்றும் கேட்கமாட்டேன் என்று சொன்னவன் நான்.

மகள் முதலில் இறங்கினாள். மனைவி ஏணியைப் பிடித்துப் பின்பக்கமாக மெல்ல இறங்கினாள். நான் பலகைக்குப் பக்கத்தில் நின்றேன்.

"வாங்கோப்பா! நல்ல குளிர்மையாக் கிடக்கு."

"நான் வரேல்லை. முழங்கால் நோகுது."

 பிறகு சதுர வாய்க்கு நேர்கீழே அவள் முகம் வந்தது. அண்ணாந்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளிச்சம் முகத்தில் விழுந்தது. கறுப்புக் கண்ணாடியைத் தலைக்கு மேலே ஏற்றினாள்.

"உங்களுக்குத் துடக்கோ?"

உலகத்தில் வேறு எந்தப் பெண்ணும் அந்தக் குழிக்குள் நின்று இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கமாட்டாள். நான் வாயைத் திறந்தேன், முழங்கால் என்று மறுபடியும் சொல்லத்தான். கை தாடிக்குத்தான் போனது.

என்னுடைய தாய் தகப்பன் போய்ப் பல வருடம். கூடப்பிறந்தது ஒருவரும் இல்லை. துடக்குக் காக்க என் பக்கத்தில் ஒருவரும் மிச்சமில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவள் உதடு அசைந்தது. எண்ணிப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். எண்ணுவதற்குப் பெரிய பட்டியல் ஒன்றும் இருக்கவில்லை.

"அப்பாவோ?"

"ஓம்" என்றேன்.

மகள் பின்னால் நின்று டேனிஷில் என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.  மனைவி ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள். மேலே வந்து ஒரு கற்சுவரில் இருந்தாள்.

"எப்ப?"

"நேற்றுக் காலமை தம்பி எடுத்தவன். நீர் குளிச்சுக்கொண்டு நிண்டனீர்."

"எரிச்சாச்சோ?"

"ஓம்."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. நெஞ்சில் ஒருமுறை அடித்து, "ஐயோ என்ரை அப்பா" என்று பெருங்குரல் எடுத்தவள், நிமிர்ந்து பார்த்தாள். தொப்பியும் அரைக்காற்சட்டையுமாக ஏணிக்கு வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் குரலை அவள் அப்படியே விழுங்கினாள். ஊரில் என்றால் நாலு பெண்கள் ஓடிவந்து கட்டிப்பிடித்திருப்பார்கள். அங்கே ஒரு வயதான வெள்ளைக்காரர் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். அவள் வாங்கி, நன்றி சொன்னாள்.

மகள் என்னிடம் டேனிஷில் கேட்டாள். "நீ இரண்டு நாளாகத் தெரிந்துகொண்டுதான் இருந்தாயா?" அந்த மொழியில் தகப்பனுக்கும் 'நீ'தான், பிறந்ததில் இருந்து என்னை அப்படித்தான் கூப்பிடுகிறாள். அன்றைக்குத்தான் அது காதில் சுட்டது.

காருக்குள் நான் என் விளக்கத்தை எடுத்துவைத்தேன். வந்துசேர ஏலாது, வீணாகக் கவலைப்படக்கூடாது என்று தம்பிதான் சொன்னான், ஐயரைக்கூடக் கேட்டானாம், அறிந்தால்தான் துடக்காம். வழக்குரைஞன் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

"அவர் ஆருக்கு அப்பா?" என்றாள்.

நான் முன்னால் ஓடிய ரோட்டைப் பார்த்தேன்.

"எனக்குத்தானே? அப்ப அந்தத் துடக்கு என்ரை. என்ரை துடக்கை நீங்கள் ஏன் காத்தனீங்கள்? நீங்கள் மச்சம் விட்டனீங்கள், சவரம் விட்டனீங்கள். என்ரை அப்பாவுக்கு நீங்கள் பிள்ளையா இருந்தனீங்கள், நான் கோழி திண்டுகொண்டு சால்வைக்கு நிறம் பாத்தனான்."

"உமக்காகத்தான்..."

"எத்தினை பேரின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்திருப்பன் நான். அதுகளின்ரை பிள்ளையள் வந்து, கடைசியா என்ன சொன்னவர், முகம் எப்பிடி இருந்தது எண்டு என்னட்டைத்தான் கேக்குங்கள். நான் சொல்லுவன். என்ரை அப்பான்ரை முகம் எப்பிடி இருந்தது எண்டு எனக்கு ஆர் சொல்லுறது?"

அதற்கு மேல் டென்வர் விமான நிலையம் வரைக்கும் அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. பயணத்தை முறித்துக்கொண்டு திரும்பினோம். மிச்ச இடங்கள் ஒன்றையும் பார்க்கவில்லை. பார்க்கக் கேட்கிற உரிமை எனக்கு இருக்கவும் இல்லை.

ஹோர்சன்ஸில் அவள் தன் துடக்கைக் காத்தாள். அவர் இறந்த நாளில் இருந்து அல்ல, தான் கேள்விப்பட்ட அந்தக் கிவாவில் இருந்து எண்ணினாள். ஊரில் தம்பி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு செய்து துடக்குக் கழித்த பிறகும் இவளுக்கு ஒருநாள் மிச்சம் இருந்தது. ஊர்க் கணக்குப்படி முடிந்துவிட்டதுதானே என்று யாரோ போனில் சொன்னதற்கு, "எனக்கு அண்டைக்குத்தான் செத்தவர்" என்றாள். நான் அவளோடு சேர்ந்து மரக்கறி சாப்பிட்டேன். சேர்ந்து என்று சொல்வது எழுத்துக்குத்தான். ஒரே மேசை, அவ்வளவுதான்.

இரண்டாவது கிழமை அவளுடைய வேலையிடத்தில் இருந்து கூட வேலை செய்கிறவள் ஒருத்தி பூக்கொத்தோடு வீட்டுக்கு வந்தாள். நான் சமையலறையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். இந்த நாட்டவர் இழவு கேட்க வந்தால் தவறாமல் கேட்கிற கேள்வியை அவளும் கேட்டாள். அப்பாவிடம் விடைபெற முடிந்ததா? கேத்தில் கொதித்துக்கொண்டிருந்தது, நான் அதை நிறுத்தினேன்.

"ஓம். போனில் பார்த்தேன்" என்று என் மனைவி டேனிஷில் சொன்னாள்.

என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதற்காகச் சொன்னாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்றைக்குத்தான் நான் செய்ததன் முழு அளவும் எனக்கு விளங்கியது.

தம்பி அனுப்பிய வீடியோவை அவள் வெகுநாள் திறக்கவில்லை. முப்பத்திரண்டாம் நாள், தோய்ந்துவிட்டு வந்து, ஈரத்தலையோடு சோபாவில் இருந்து திறந்தாள். என்னை வரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. நான் பின்னால் நின்று பார்த்தேன்.

பெட்டி வந்து இறக்கிவைத்த நேரம் தம்பி எடுத்தது. வாழைமரம் கட்டிய வாசல், வெள்ளைத் துணி, குத்துவிளக்கு. மாமாவுக்கு வேட்டி உடுத்தி, பட்டையாகத் திருநீறு பூசியிருந்தார்கள். முகம் நித்திரைபோலத்தான் இருந்தது. தம்பி போனை அவர் முகத்துக்குக் கிட்டப் பிடித்து, "அக்கா, வடிவாப் பாருங்கோ" என்றான். சுற்றி நின்ற பெண்கள் போனைப் பார்த்துக் குளறினார்கள். "பார் பிள்ளை, உன்ரை கொப்பாவைப் பார். கடல் கடந்து கிடக்கிறியே, பார்" என்று ஒரு மாமி தலையில் அடித்துக்கொண்டாள். பின்னால் இருந்து இன்னொரு குரல், மகள் பாக்கிறாளோ என்று கேட்டது. ஊர் வாய்க்குப் பயந்து தம்பி அந்தப் போனுக்குப் பின்னால் யாரும் இல்லாமலே சொன்னான்.

"ஓம், பாக்கிறா."

அவள் வீடியோவை அந்த இடத்தில் நிறுத்தினாள். கீழே நேரம் இருந்தது.

"ஊரில இரவு பத்தரை எண்டால் அங்க எத்தினை மணி?"

"பகல் பதினொரு மணி" என்றேன். இந்தக் கணக்கில் நான் பிழைவிடுவதில்லை.

தன் போனில் இருந்த படங்களைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு போனாள். முதல்நாள் படங்கள் வந்தன. பதினொரு மணிக்கு எடுத்த படத்தில் நிறுத்தி, என் பக்கம் நீட்டாமல் தானே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது என்ன படம் என்று தெரியும். கல்வீட்டு வாசலில் நான் நிற்கிறேன். இருபது வருடம் ஆசைப்பட்ட இடம், ஏனப்பா முகத்தை இப்பிடி வைச்சிருக்கிறியள், கொஞ்சம் சிரியுங்கோ என்று அவள் சொல்லிச் சொல்லி எடுத்த படம்.

"அப்பா பெட்டியில கிடந்த நேரம் நான் உங்களைச் சிரிக்கச் சொல்லிக்கொண்டு நிண்டிருக்கிறன்" என்றாள். பிறகு திரும்பி, அந்த ஒரு மாதத்தில் முதன்முறையாக என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். "உங்களுக்குத் தெரியும்தானே அப்ப?"

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டும் சிரிச்சனீங்களோ?"

"சிரிச்சனான்" என்றேன்.